கறுப்பு அட்டைக்காரி

ஜெனிற்றாவுக்கு வயது பதினாறு. இந்த வருடத்துக்குள் அவள் ஒரு தடவை தீயில் கருகிவிட்டாள். ஒரு தடவை இடிந்த கட்டடத்துக்குள் நசுங்கிவிட்டாள். அடம்பன் பக்கம் வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஒரு மாட்டுப்பட்டியில் ஒதுங்கியும் கிடந்தாள். அந்த வெள்ளம் வந்தபோது வயல் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஆனாலும் படங்கள் நன்றாக வந்திருந்தன.

இவ்வளவுக்கும் காரணம் அவளுடைய நிறை.

தீவுக்கரை அவசர மீட்புத் தொண்டர் அணியில் அவள் சேரப் போனது ஆட்களைக் காப்பாற்றத்தான். அவளுடைய அண்ணன் ஜெனோஜன் தாழ்வுபாட்டிலிருந்து தனி ஆளாகக் கடலுக்குப் போகிறவன். அவனுடைய இஞ்சின் நினைத்தால் வேலை செய்யும், நினைக்காவிட்டால் நடுக்கடலில் படுத்துவிடும். அவன் போகிற ஒவ்வொரு பின்னேரமும் ஜெனிற்றாவுக்குப் பயம்தான். வீட்டுக்குள் இருந்து பயப்படுவதைவிட, தேடிப் போகிற ஆட்களோடு நின்று பயப்படலாம் என்று அவள் நினைத்தாள்.

அணியின் ஒருங்கிணைப்பாளர் கிறகரி சேர் கந்தோரில் மேசைக்குப் பின்னால் தொப்பி போட்டபடி இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

"நீந்துவீரோ?"

"ஓம் சேர். நல்லா நீந்துவன்."

"அது பறவாயில்லை," என்றார், ஒரு குற்றத்தை மன்னிப்பதுபோல. "உம்மட நிறை எவ்வளவு?"

"முப்பத்தெட்டு கிலோ சேர்."

கிறகரி சேர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "நுஃமான் மாஸ்ரர், ஒருக்கா இஞ்ச வாங்கோ. முப்பத்தெட்டாம்!"

முதலுதவி பழக்குகிறவரும் விழாக்களில் மைக் பிடிக்கிறவருமான நுஃமான் மாஸ்ரர் வந்து, அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

முன்பு அணியின் ஒத்திகைகளில் 'பாதிக்கப்பட்டவர்' ஆக நடித்தது கிறகரி சேருடைய தங்கையின் மகன்தான். அவன் கலியாணம் கட்டிய பிறகு சாப்பாடு சரியாகி, ஒரு பூமியதிர்ச்சி ஒத்திகையில் ஸ்ரெச்சரின் பிடி முறிந்தது. அவனைத் தூக்கிய இரண்டு பேருக்கும் உண்மையாகவே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாஸ்ரரிடம் முதலுதவி பழகி முடித்தவர்கள் அணியில் அந்த இரண்டு பேரும்தான்.

"பிள்ளை, வடிவா விளங்கிக்கொள்ளும்," என்றார் கிறகரி சேர். "காப்பாத்துறதுக்கு எங்களிட்ட ஆள் நிறைய. காப்பாத்தப்படுறதுக்குத்தான் ஒருத்தரும் வரீனமில்லை. எல்லாருக்கும் சுயநலம்."

அப்படித்தான் அவள் பாதிக்கப்பட்டவள் ஆனாள்.

முதல் மாதங்களில் அவளுக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். ஒத்திகையில் காயப்பட்டவர்களின் நெஞ்சில் அட்டை தொங்கவிடுவார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும், பச்சை என்றால் நடந்து போகலாம், கறுப்பு என்றால் ஆள் முடிந்துவிட்டது. சிவப்புக்குக் கட்டுப்போட பண்டேச் வேண்டும். ஆடி மாதத்தோடு பண்டேச் முடிந்தது. கிறகரி சேர் ஒரு கூட்டம் வைத்து, ஜெனிற்றாவைக் கறுப்பு அட்டைக்கு உயர்த்துவதாக அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கறுப்பு அட்டைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கதைக்கக் கூடாது. இன்னொரு கஷ்டமும் இருந்தது. தொண்டர்கள் அவளைப் பலகையில் வைத்து நல்ல இறுக்கமாகக் கட்டுவார்கள், ஆனால் அவர்களுக்கு அவிழ்க்கத் தெரியாது. முடிச்சுப் போடுதல் பயிற்சியின் முதலாம் பகுதி. முடிச்சு அவிழ்த்தல் இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதிக்குக் காசு தர இன்னும் அனுசரணையாளர் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற அவளுடைய கூட்டாளி பர்ஸானாதான் பல்லாலும் நகத்தாலும் முடிச்சோடு மல்லுக்கட்டுவாள்.

"நீ ஏன்டி விட்டுட்டுப் போகாம இருக்கிறா?" என்று ஒருநாள் அவள் கயிற்றைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"கேட்டனான்."

உண்மையில் கேட்டிருந்தாள். கிறகரி சேரின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"நான் விலகப் போறன் சேர்."

கிறகரி சேர் கோபப்படவில்லை. கவலைப்பட்டார். "தொண்டர் எண்டால் ஆர் பிள்ளை? தன்ர விருப்பத்தோட வாற ஆள். நீர் உம்மட விருப்பத்தைப் பாவிச்சுத்தானே வந்தனீர்? அது அதோட முடிஞ்சுது. போறதுக்கு என்ர விருப்பம் வேணும்."

"உங்கட விருப்பம் எப்ப சேர் வரும்?"

"முப்பத்தெட்டுக்குக் கீழ இன்னொரு ஆள் வரட்டும். பிறகு யோசிப்பம்."

*

பெரிய விழா தாழ்வுபாட்டுக் கடற்கரையிலேயே வைக்கப்பட்டது. அணிக்குப் புது மீட்புப் படகு வந்திருந்தது. கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டி, படகைக் கடலில் இறக்கி வைப்பார். படகு கொஞ்சத் தூரத்தில் மிதக்கிற சிவப்புக் கொடி வரைக்கும் போய், பாதிக்கப்பட்டவரோடு திரும்பி வரும். பாதிக்கப்பட்டவர் போகும்போதே படகுக்குள் இருப்பார். இல்லாவிட்டால் அவரை யாராவது தண்ணீரிலிருந்து தூக்க வேண்டிவரும்.

விழாவுக்கு முதல்நாள் காலையில் கிறகரி சேர் உழவு இயந்திரத்தோடு வந்தார். ஊர்ப் படகுகள் எல்லாவற்றையும் கரையிலிருந்து இழுத்து, தூரத்துப் பனங்கூடலுக்குள் விடச் சொன்னார். "படத்துக்குள்ள பழைய வள்ளங்கள் விழக்கூடாது. புதுசின்ர எடுப்பு போயிடும்." பாதுகாப்புக்காக இஞ்சின்களையும் கழற்றி ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜெனோஜன் அதற்கு முந்தின பின்னேரமே கடலுக்குப் போயிருந்தான். படகுகள் பனங்கூடலுக்குப் போன அன்று மத்தியானம்தான், அவன் இன்னும் வரவில்லை என்பது ஊருக்கு உறைத்தது. அம்மா ஓடினாள். தெரிந்த இடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "உங்கட ஊரிலதானே மீட்பு அணி வந்து நிக்குது? அவையிட்டச் சொல்லுங்கோ." அம்மா அவையிட்டச் சொன்னாள்.

"நல்ல நேரத்தில சொன்னீங்கள்," என்றார் கிறகரி சேர். "நாளைக்கு நாங்கள் எல்லாரும் கடற்கரையிலதான் நிப்பம்."

அன்றிரவு ஜெனிற்றா கண் மூடவில்லை. விடிந்ததும் தானாகவே எழும்பிச் சீருடையைப் போட்டாள். கரையில் இஞ்சினோடு இருந்த ஒரே படகு அந்தப் புதுப் படகுதான். அதற்குள் போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி செத்துப்போவதுதான்.

பலகையில் படுத்தாள். கட்டினார்கள். நெஞ்சில் கறுப்பு அட்டையைத் தொங்கவிட்டார்கள்.

"சேர், அவளுக்கு உயிர்காப்பு அங்கி?" என்று பர்ஸானா கேட்டாள். அவள்தான் அன்றைக்குப் படகில் போகிற மீட்பாளர்.

"செத்த ஆளுக்கு என்னத்துக்கு?" என்றார் கிறகரி சேர். மீட்பாளருக்கும் கொடுக்கவில்லை. அங்கிகள் அலுமாரிக்குள் பிளாஸ்ரிக் உறையோடு இருந்தன. பிரதம விருந்தினர் அந்த உறையையும் பிரித்து வைப்பதாக நிகழ்ச்சிநிரலில் இருந்தது.

பலகையைப் படகின் முன்பக்கத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். பலகையின் பின்புறத்தில் அதை அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பெயர் மேடைப் பக்கம் தெரிய வேண்டும். ஆகையால் ஜெனிற்றாவின் முகம் கடலைப் பார்த்தது. மற்ற எல்லாருடைய முகமும் ரோட்டைப் பார்த்தது, பிரதம விருந்தினரின் வாகனம் அந்தப் பக்கத்தால்தான் வரும்.

ஒரு கடற்கரை நிறைய மீட்பாளர்கள். கடலைப் பார்த்தபடி இருந்தது கறுப்பு அட்டைக்காரி மட்டும்.

அவள்தான் கண்டாள்.

முதலில் பறவை என்று நினைத்தாள். பிறகு அது துடுப்பு என்று தெரிந்தது. துடுப்பின் நுனியில் நீலமாக ஏதோ ஆடியது. ஜெனோஜனின் நீலச் சேட். போன நத்தார்ப் பண்டிகைக்கு அவள் தெரிந்து எடுத்துக் கொடுத்தது. அவனுடைய படகு அலைக்குக் குறுக்குப்பாடாகக் கிடந்தது. தெற்கேயிருந்து வீசுகிற சோளகக் காற்று அதைக் கரைப் பக்கம் கொண்டுவந்திருந்தது, ஆனால் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்குப் பிறகு தலைமன்னார், அதற்குப் பிறகு வெறும் கடல்.

"அண்ணா!" என்று கத்தினாள். "சேர்! அங்க என்ர அண்ணன்ர வள்ளம்! இழுத்துக்கொண்டு போகுது!"

கிறகரி சேர் திரும்பாமலே சொன்னார்: "செத்த ஆள் கதைக்கிறேல்லை."

"சேர், உண்மையாச் சொல்லுறன்! ஒருக்கா மட்டும் திரும்பிப் பாருங்கோ!"

"திரும்பேக்க வாகனம் வந்தால்?"

"என்னைச் சிவப்பு அட்டைக்கு மாத்திவிடுங்கோ சேர், நான் கதைக்கோணும்!"

நுஃமான் மாஸ்ரர் மைக்கைப் பொத்திக்கொண்டு கிட்ட வந்தார். அவருக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருந்தது. "மகள், சிவப்பிலயிருந்து கறுப்புக்குப் போகலாம். கறுப்பிலயிருந்து சிவப்புக்கு வர ஏலாது. எங்கட ஒழுங்கில அப்படி ஒரு வழியே இல்லை."

கதிரைகளில் இருந்த ஊர்ச்சனம் எல்லாருடைய நெஞ்சிலும் 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்ற பட்டி குத்தியிருந்தது. படகு போகும்போது அழ வேண்டும், வரும்போது கை தட்ட வேண்டும் என்று காலையில் பழக்கியிருந்தார்கள். ஜெனிற்றாவின் சத்தம் கேட்டு அம்மா எழும்பிக் கடலைப் பார்த்தாள். பார்த்தவள் தலையில் அடித்துக் குழறினாள்.

நுஃமான் மாஸ்ரரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது: "பொதுமக்கள் தயவுசெய்து பொறுமையாக இருக்கவும். அழுகிற நேரம் இன்னும் வரவில்லை."

ஆம்பிளைகளும் பின்னால் பொம்பிளைகளும் பட்டியோடு பனங்கூடலுக்கு ஓடினார்கள். ஓடி என்ன, உழவு இயந்திரம் அடம்பனுக்குத் திரும்பிப் போய்விட்டது. படகுகளைக் கையால் மணலில் இழுத்துவர மத்தியானம் தாண்டும். ஒருவர் வந்து கிறகரி சேரிடம் இஞ்சின் அறைத் திறப்பைக் கேட்டார். விழா முடிந்ததும் வரிசையில் வந்து வாங்கும்படி அவர் அன்பாகச் சொன்னார்.

"அன்ரனி மாமா!" என்று ஜெனிற்றா கூப்பிட்டாள். அணியில் ஒருவருக்கும் இஞ்சின் ஓட்டத் தெரியாததால் அன்றைக்கு மட்டும் பிடித்துக் கொண்டுவந்த ஊர்க் கடற்றொழிலாளி அவர். அணியின் தொப்பி அவர் காது வரைக்கும் இறங்கியிருந்தது. "மாமா, இஞ்சினை எடுங்கோ!"

"எண்ணெய் இல்லை பிள்ளை. அது வாகனத்தோடதான் வருமாம்."

"கயித்தையாவது வெட்டிவிடுங்கோ! நீந்துறன்!"

"என்ர கத்தியையும் காலமை வாங்கிப் போட்டாங்கள். கூர்ச்சாமான் பாதுகாப்பில்லையாம்."

பர்ஸானா முடிச்சைக் கடித்தாள். புதுக் கயிறு, பல் இறங்கவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நிமிர்ந்தபோது எதிரே பதாகை தெரிந்தது. அதில், 'ஆபத்தா? உடனே அழையுங்கள்' என்று அணியின் அவசர இலக்கம். அவள் தன் போனை எடுத்து அந்த இலக்கத்தை அடித்து, ஜெனிற்றாவின் காதோடு பிடித்தாள்.

மேடைக்குக் கிட்ட நின்ற கிறகரி சேரின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. அவர் விறைப்பாக நின்று எடுத்தார்.

"அவசர மீட்பு அணி. சொல்லுங்கோ."

"கடலில ஒரு வள்ளம் இழுபடுது! ஆள் உயிரோட இருக்கு! கெதியா வாங்கோ!"

"பதட்டப்படாதீங்கோ. எந்த இடம்?"

"தாழ்வுபாட்டுக் கரைக்கு நேர!"

"ஆ, நாங்களும் அங்கதான் நிக்கிறம். நல்லதாப் போச்சு. ஆனா இப்ப எங்கட எல்லாப் பிரிவும் ஒத்திகையில நிக்குது. நாலு மணிக்குப் பிறகு எடுங்கோவன்."

"நாலு மணிக்கு அவன் இருக்க மாட்டான் சேர்!"

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் சேர். ஜெனிற்றா."

கிறகரி சேர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், மிகுந்த பொறுமையோடு சொன்னார்: "பிள்ளை, நீர் காலமையே செத்திட்டீர்."

அப்போதுதான் ரோட்டில் தூசி எழும்பியது. பேண்ட் வாத்தியம் தொடங்கியது. பிரதம விருந்தினர் இறங்கினார், மாலை விழுந்தது, கொடி ஏறியது. அவர் நேரே படகுக்குக் கிட்ட வந்து பலகையை எட்டிப் பார்த்தார்.

"சேர், என்ர அண்ணன் கடலுக்குள்ள! அங்க பாருங்கோ சேர்!"

அவர் அசந்துபோனார். "ரொம்ப இயற்கையா இருக்குது. கண்ணீரும் வருதே! இந்தப் பிள்ளைக்கு யார் பழக்கினது?"

கிறகரி சேர் வெட்கத்தோடு தலை குனிந்தார்.

விருந்தினர் மேடைக்குப் போய்ப் பேசினார். "ஆபத்து வேளையில் முதலாவது நிமிடமே பெறுமதியானது. அந்த முதலாவது நிமிடத்தைப் பற்றி உங்களோடு அரைமணித்தியாலம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்."

ஜெனிற்றா கத்தினாள். அவர் பேச்சை நிறுத்தி, இத்தகைய அர்ப்பணிப்புள்ள இளைஞர்களைப் பற்றி ஒரு பகுதி சேர்த்துச் சொன்னார். அவள் திரும்பவும் கத்தினாள். பெண்பிள்ளைகளின் பங்களிப்புப் பற்றி இன்னொரு பகுதி வந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. கத்தக் கத்தப் பேச்சு நீளும். தூரத்தில் நீலச் சேட் சின்னதாகிக்கொண்டே போனது. உதட்டைப் பல்லால் கடித்து, கண்ணை மட்டும் கடலில் வைத்துக்கொண்டு அவள் செத்துக் கிடந்தாள். ஒரு வருடத்தில் அவள் இவ்வளவு நன்றாகச் செத்ததில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபத்தைத் தொடங்கினாள், பாதியில் மறந்துபோனது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னாள்.

தொந்தரவு இல்லாததால் விருந்தினருக்கும் உற்சாகம் குறைந்தது. பேச்சு முடிந்தது. அங்கி உறை பிரிந்தது, கை தட்டினார்கள், அங்கியைத் திரும்ப அலுமாரியில் வைத்தார்கள். நாடா வெட்டினார். எண்ணெய்க் கலன் வந்தது. தொண்டர்கள் படகைத் தள்ளினார்கள். ஒலிபெருக்கி, "இப்போது அழவும்," என்றது. அழ ஆள் இருக்கவில்லை, அம்மா மயங்கிக் கிடந்தாள். மற்றவர்கள் பனங்கூடலில் நின்றார்கள்.

இஞ்சின் பிடித்தது.

"மாமா," என்றாள் ஜெனிற்றா.

"கதையாத பிள்ளை," என்றார் அன்ரனி. தொப்பியைக் கழற்றிக் காலடியில் போட்டார். "அலைக்கு வாயை மூடிக்கொள். பலகையைப் பிடி, பர்ஸானா."

கரையில் நுஃமான் மாஸ்ரர் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். "எமது மீட்புப் படகு இதோ சிவப்புக் கொடியை அண்மிக்கிறது… அண்மித்துவிட்டது… கொடியை… ஆ, கொடியைத் தாண்டுகிறது. அன்பர்களே, இது நிகழ்ச்சிநிரலில் இல்லை. ஆனாலும் அழகாகப் போகிறது."

கிறகரி சேர் விசிலை ஊதினார். முகம் சிவக்கும் வரைக்கும் ஊதினார். அது கடலுக்குள் கேட்கிற விசில் இல்லை.

ஒவ்வொரு அலைக்கும் பலகை எழும்பி விழுந்தது. உப்புத் தண்ணீர் ஜெனிற்றாவின் மூக்குக்குள் போனது, துடைக்கக் கை இல்லை. படகு கவிழ்ந்தால் பலகையோடு நேரே அடிக்குப் போவாள் என்று அவளுக்குத் தெரியும். பர்ஸானா அவளுக்கு மேல் குறுக்கே படுத்துப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி, தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினாள்.

அவர்கள் கிட்டப் போனபோது ஜெனோஜன் துடுப்பைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். அதை ஆட்டுகிற சக்தி முடிந்துபோயிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. அன்ரனி அவனை இழுத்துப் போட்டபோது அவன் முதலில் கண்டது நெஞ்சில் கறுப்பு அட்டையோடு கட்டிக் கிடந்த தங்கச்சியைத்தான்.

"ஐயோ, ஜெனி… உனக்கு என்னடி நடந்தது?"

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணா," என்றாள், அழுதபடி, சிரித்தபடி. "செத்துப்போனன். அவ்வளவுதான். நீ தண்ணியைக் குடி."

படகு கரை தட்டியபோது ஒலிபெருக்கி அதிர்ந்தது. "அன்பார்ந்த மக்களே! பாதிக்கப்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு போன எமது அணி, இருவரை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது! இது நூறு வீத வளர்ச்சி!"

பிரதம விருந்தினர் எழுந்து நின்று கை தட்டினார். படம் எடுக்கிறவர்கள் ஓடி வந்தார்கள். மயக்கம் தெளிந்த அம்மா அவர்களை இடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மகனின் காலைப் பிடித்துக்கொண்டாள். பனங்கூடலில் இருந்து ஆம்பிளைகள் பாதி வழியில் படகை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஜெனிற்றாவைக் கட்டியபடியே பலகையோடு தூக்கி மணலில் சாய்த்தார்கள். அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் இந்த முறையும் மேடையைப் பார்த்தது. கழுத்தை முறித்துத் திரும்பினால்தான் அவளுக்கு அண்ணனைப் பார்க்க முடிந்தது.

கிறகரி சேர் இஞ்சின் அறைத் திறப்பைப் பைக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். விசில் இன்னும் வாயில் இருந்தது. அன்ரனியை ஏச வந்தவர், வழியில் நின்றுவிட்டார்.

ஸ்ரெச்சர்காரர் இரண்டு பேர் ஜெனோஜனைத் தூக்கியிருந்தார்கள். எந்தச் சிரமமும் இல்லாமல் தூக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கையை விட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். ஜெனோஜன் இரண்டு இரவு ஒன்றும் தின்னவில்லை. விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது.

கிறகரி சேர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவனைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்தார். அவருடைய முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவை ஜெனிற்றாவுக்கு முன்பே தெரியும்.

"தம்பி," என்றார், "உம்மட நிறை எவ்வளவு?"

ஜெனோஜன் வெடித்த உதட்டைத் திறந்தான்.

"தொண்ணூறு!" என்று பலகையிலிருந்து கறுப்பு அட்டைக்காரி கத்தினாள். "தொண்ணூறு கிலோ சேர்! எங்கட வீட்டில எல்லாரும் நல்ல பாரம்!"